மீட்ட கரடியைக் காட்டில் விட்டுவிட்டால் என்ன?

"தெருவில் வித்தை காட்டிய கரடிகளையும் கூண்டில் அடைத்து வைத்திருந்த கரடிகளையும் மீட்கிறார்கள், சரி. மீட்ட பிறகும் ஆயுள் முழுக்க வேலிக்குள்தானே வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் சிறைதானே? காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன?" என்பது கேள்வி. இதைக் கேட்க வைக்கும் அக்கறை எனக்கும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளர்ந்த பிறகு மீட்கப்படும் கரடிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காட்டில் விட முடியாது. விட்டால் கரடி சாகும். சில நேரம் அதனால் மனிதர்களும் சாவார்கள். தாயை இழந்து, குட்டியாகவே கைக்கு வருகிறவற்றின் நிலைமை வேறு. அவற்றைத் திருப்பி அனுப்ப முடியும், பல நாடுகளில் அனுப்பியும் இருக்கிறார்கள். ஆனால் கைக்கு வந்த முதல் நாளிலிருந்தே "இது திரும்பிப் போகப்போகிற குட்டி" என்று நினைத்து வளர்த்தால்தான் அது நடக்கும்.

வித்தைக் கரடியிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் இதற்குப் பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் தேன்கரடிகள். தாயைக் கொன்றுவிட்டோ விரட்டிவிட்டோ குட்டியை எடுத்துவருவார்கள். சில மாதக் குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூஞ்சியைத் துளைத்து, அந்தப் புண் ஆறுவதற்குள் முரட்டுக் கயிற்றைக் கோத்துவிடுவார்கள். கயிற்றைச் சுண்டினால் வலி உயிர்போகும். அந்த வலி தாங்காமல் பின்னங்காலில் எழும்பி நிற்பதைத்தான் ஊரே கூடி ஆட்டம் என்று பார்த்தது. கடித்துவிடக் கூடாதென்று கோரைப்பற்களை உடைப்பார்கள் அல்லது பிடுங்கிவிடுவார்கள். ரொட்டி, பால், கஞ்சி என்று கிடைத்ததைப் போட்டு வளர்ப்பதால் எலும்பும் வலுப்படாது, மிச்சப் பல்லும் சொத்தையாகும்.

இந்தக் காயம் தேன்கரடிக்கு ஏன் இவ்வளவு பெரிய இழப்பு என்பது அது சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் புரியும். அதற்கு மேல்வரிசையின் நடுவில் இரண்டு பற்கள் பிறவியிலேயே கிடையாது. கரையான் புற்றை நகத்தால் பிளக்கும். மண்ணையும் தூசியையும் ஊதித் தள்ளும். மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டை நீட்டிக் குவித்து, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்த உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் கேட்கும். இதற்கெல்லாம் மூக்கும் உதடும் முழுசாக இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் கயிறு அறுத்த மூஞ்சியில் தசை கிழிந்து, எலும்பு வரை சீழ் வைத்திருக்கும். சில கரடிகளுக்குக் கண் பார்வையும் போயிருக்கும். புலி எதிரே வந்தால் எழுந்து நின்று, உறுமி, பாய்ந்து விரட்டுவதுதான் தேன்கரடியின் தற்காப்பு. கோரைப்பல் இல்லாத, பார்வை மங்கிய கரடி எதைக் காட்டி விரட்டும்?

இதோடு நோயும் சேர்ந்துகொள்கிறது. மனிதர்களோடும் கால்நடைகளோடும் நெருக்கமாகக் கிடந்த இந்தக் கரடிகளில் பலவற்றுக்குக் காசநோய் இருந்தது. அப்படிப்பட்ட ஒன்றை இரக்கப்பட்டுக் காட்டில் விட்டால், அங்கே நலமாக இருக்கிற மற்ற விலங்குகளுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களாவோம். மீட்பு மையங்களில் புதிதாக வரும் கரடியைப் பல வாரங்கள் தனியே வைத்துப் பரிசோதிப்பது இதற்காகத்தான்.

வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ் அமைப்பு ஆக்ரா அருகே நடத்தும் மையத்துக்கு முதல் வித்தைக் கரடி வந்தது 2002 டிசம்பரில். 2009 டிசம்பரில் ராஜு என்ற கடைசிக் கரடியும் மீட்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் முப்பது ஆண்டுகள் நடக்காதது இந்த ஏழு ஆண்டுகளில் எப்படி நடந்தது? கரடியை நம்பிப் பிழைத்த கலந்தர் சமூகத்தினருக்கு மாற்றுத் தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். கரடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அடுத்த மாதமே புதுக் குட்டி ஒன்று சந்தைக்கு வந்திருக்கும். மீட்பு வேலையில் வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் முக்காவாசி வேலை இதுதான்.

சரி, உடம்பில் ஒரு குறையும் இல்லாத கரடி என்றே வைத்துக்கொள்வோம். பல்லும் நகமும் கண்ணும் நன்றாக இருக்கின்றன, நோய் இல்லை. அதை விடலாமா?

பலர் நினைப்பது, கூண்டில் வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது, அதனால் பட்டினியில் செத்துவிடும் என்று. உண்மையில் கரடிக்கு அது அவ்வளவு பெரிய தடை இல்லை. சிங்கக்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் வேட்டை கற்றுக்கொள்ளத் தாய் வேண்டும். கரடி எல்லாவற்றையும் தின்னும். பழம், கிழங்கு, பூச்சி, தேன், கொட்டை என எது கிடைத்தாலும் முகர்ந்து, கடித்து, பிடித்துப்போனால் நினைவில் வைத்துக்கொள்ளும். தாயில்லாத குட்டிகள்கூட அழுகிய மரக்கட்டையை முதல்முறை பார்த்ததும் புரட்டிப் போட்டுப் பூச்சி தேடுவதைக் காப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பெரிய தடை மனிதன்தான். கூண்டுக் கரடிக்கு மனிதன் என்றால் சாப்பாடு. பசித்தால் மனிதனைத் தேடி வரும். காட்டிலிருந்து இறங்கி முதலில் தெரியும் வீட்டுக்குப் போகும், குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், கதவைப் பெயர்க்கும். ஆளைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வராது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, மனிதனுக்கு அஞ்சாத விலங்கு ஊருக்குள் வந்தால் முடிவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடக் கவலை, இந்தப் பழக்கம் தாயிடமிருந்து குட்டிக்குப் போவது. இத்தாலியின் டிரென்டினோ பகுதியில் யுர்கா என்றொரு பெண் பழுப்புக் கரடி இருந்தது. ஊர்ப்பக்கம் வந்து தீனி தேடும் பழக்கம் அதற்கு உண்டு. அதன் குட்டிகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவற்றில் ஒன்று ஜே.ஜே.1. பத்திரிகைகள் புரூனோ என்று பெயர் வைத்த கரடி. அது 2006இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மனியின் பவேரியாவுக்குள் வந்து, ஆடுகளையும் கோழிகளையும் தின்று, ஊர்களுக்குள் பயமில்லாமல் திரிந்தது. உயிரோடு பிடிக்கும் முயற்சிகள் தோற்ற பிறகு ஜூன் மாதம் சுட்டுக் கொன்றார்கள். தாய் யுர்காவை அடுத்த ஆண்டு பிடித்து அடைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் யுர்கா கூண்டில் வளர்ந்த கரடிகூட இல்லை, காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்ததுதான். அதற்கே இந்தக் கதி.

அழிந்துபோன இடத்தில் கரடிகளைத் திரும்பக் குடியேற்ற நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். பிரெஞ்சு பிரனீஸ் மலைக்கு 1996இலிருந்தும், டிரென்டினோவுக்கு 1999 முதல் 2002 வரையிலும் கொண்டுவரப்பட்ட கரடிகள் எல்லாம் ஸ்லோவேனியாவின் காடுகளில் பிடிக்கப்பட்டவை. ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களில் பழுப்புக் கரடிகளுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் யாரும் அங்கே போய்க் கேட்கவில்லை. காட்டில் வாழ்ந்த அனுபவத்துக்கு ஈடாக எதையும் கூண்டுக்குள் கற்றுக்கொடுத்துவிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சீனா வேறு வழியில் முயன்றது. பாண்டாவும் கரடி இனம்தான். வோலோங் பாண்டா வளர்ப்பு மையத்தில் பிறந்த சியாங் சியாங் என்ற ஆண் பாண்டாவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சி கொடுத்து 2006 ஏப்ரலில் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்து காட்டுக்குப் போன முதல் பாண்டா அதுதான். மூங்கில் தேடித் தின்னத் தெரிந்திருந்தது, குகை கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் காட்டிலிருந்த மற்ற ஆண் பாண்டாக்களோடு எப்படி நடந்துகொள்வது, எப்போது சண்டை போடுவது, எப்போது விலகிப் போவது என்பது தெரியவில்லை. சண்டையில் காயம்பட்டு, 2007 பிப்ரவரியில் இறந்துகிடந்தது.

அதன் பிறகு அவர்கள் முறையையே மாற்றினார்கள். மனிதர் பயிற்சி கொடுப்பதை விட்டுவிட்டு, காட்டையொட்டிய பெரிய அடைப்பில் தாயே குட்டியை வளர்க்க விட்டார்கள். உள்ளே போக வேண்டிய காப்பாளர்கள் பாண்டா வேஷம் போட்டு, அதன் மேல் பாண்டாவின் சிறுநீரைத் தடவிக்கொண்டு போனார்கள். அப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012 அக்டோபரில் லிசிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிடித்துச் சோதித்தபோது நல்ல உடல்நலத்தோடு இருந்தது.

தாயில்லாத குட்டிகளுக்கு இதே கொள்கையை எப்படிச் செயல்படுத்துவது? இதில் இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன. இரண்டுமே வேலை செய்கின்றன என்பதுதான் எனக்கு வியப்பு.

முதல் வழி, மனிதனே தெரியாமல் வளர்ப்பது. ரஷ்யாவின் த்வேர் பகுதியில் புபோனித்ஸி என்ற சிற்றூரில் வாலன்டின் பஜெத்னோவ் என்ற உயிரியலாளரும் அவர் குடும்பமும் இதை வளர்த்தெடுத்தார்கள். குளிர்காலத்தில் குகையில் தாய்க்கரடி சுடப்பட்டாலோ, கலவரப்பட்டு ஓடிவிட்டாலோ உள்ளே அரைக் கிலோ எடைகூட இல்லாத குட்டிகள் அநாதையாகிவிடும். அவற்றைக் கொண்டுவந்து கதகதப்பான பெட்டியில் வைத்துப் புட்டிப்பால் கொடுப்பார்கள். குட்டிக்குக் கண்ணும் காதும் தெளிந்த பிறகு கட்டுப்பாடு கடுமையாகிவிடும். அருகில் போகிறவர் ஓரிருவர் மட்டுமே. உடம்பும் கையும் மூடிய, எப்போதும் ஒரே மாதிரியான உடை. பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. கொஞ்சுவது, தடவுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எதுவும் இல்லை. உணவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அடைப்புக்கு வெளியே ஆள் வாடை வந்தால் குட்டிகள் சரசரவென்று மரமேற வேண்டும். ஏறினால் வளர்ப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு நிபந்தனை முக்கியம். குட்டி தனியாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று குட்டிகளாகச் சேர்த்து வளர்த்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கட்டிப் புரண்டு சண்டை போட்டே கரடிகளின் நடத்தையைக் கற்றுக்கொள்ளும். தனிக்குட்டி, துணைக்கு யாரும் இல்லாததால், பால் கொடுக்கிற மனிதனையே பிடித்துக்கொள்ளும். இப்படி வளர்த்தவற்றை எட்டு மாத வயதளவில், இலையுதிர் காலத்துக்கு முன் விட்டுவிடுவார்கள். காட்டில் பழங்கள் நிறைந்திருக்கும் நேரம் அது. தின்று கொழுத்து, தாமே குழி தேடிக் குளிர்கால உறக்கத்துக்குப் போய்விடும். இந்த நிலையத்திலிருந்து 200க்கும் அதிகமான குட்டிகள் காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

இரண்டாவது வழி இதற்கு நேர்மாறானது போலத் தெரியும்: மனிதனே வளர்ப்புத் தாயாகக் குட்டியோடு காட்டில் நடப்பது. அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தில் ஆசியக் கருங்கரடிக் குட்டிகளை இப்படித்தான் பழக்குகிறார்கள். மாநில வனத்துறையும் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் சேர்ந்து நடத்தும் மையம் அது. தாயை வேட்டையாடியபின் வீடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்பட்டு, பிறகு ஒப்படைக்கப்படும் குட்டிகள்தான் அங்கே அதிகம். காப்பாளர் தினமும் அவற்றைக் காட்டுக்குள் கூட்டிப்போவார். எதைத் தின்ன வேண்டும் என்று சொல்லித்தர மாட்டார். பின்னால் நடந்துபோவார், அவ்வளவுதான். குட்டிகள் மரமேறும், எறும்புப் புற்றைக் கிளறும், ஓடையில் இறங்கும், திடுக்கிட்டால் அவர் காலடிக்கு ஓடிவரும். நாளாக ஆக ஓடிவருவது குறையும். நடையின் தூரம் கூடும், இரவுக்கும் கூண்டுக்குத் திரும்பாமல் வெளியிலேயே தங்கத் தொடங்கும். ஒரு கட்டத்தில், எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்தே காட்டும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டி விட்டுவிடுவார்கள்.

இப்படி வளர்ந்தது எல்லா மனிதரையும் தேடி ஊருக்குள் வராதா? வர வாய்ப்பு உண்டு என்பதால்தான் ஒரே காப்பாளர், ஊரிலிருந்து வெகுதூரமான காடு, பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை என்ற விதிகள். குட்டிக்குத் தெரிந்தது அந்த ஒரு ஆள். மனித இனம் இல்லை. வயது வந்ததும் சொந்தத் தாயையே விட்டு விலகிப் போகிற இனம் கரடி. வளர்த்தவரையும் அப்படியே விட்டுப் போகிறது. இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், துணைக்குட்டிகள் இருக்கும் இடத்தில் நான் ரஷ்ய முறையைத்தான் சொல்வேன். குட்டியோடு காட்டில் நடக்கும் முறை, காப்பாளரின் ஒழுங்கை அதிகமாக நம்பியிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் இதுவே எல்லாவற்றிலும் நல்லது. அமெரிக்கக் கருங்கரடிகளில், ரேடியோ காலர் அணிந்த தாய்க்கரடி குட்டி போட்டுக் குகையில் படுத்திருப்பது தெரிந்தால், அநாதைக் குட்டியைக் கொண்டுபோய் அந்தக் குட்டிகளோடு சேர்த்துவிடுவார்கள். பென்சில்வேனியாவில் வாசனை வித்தியாசம் தெரியாமல் இருக்க எல்லாக் குட்டிகள் மேலும் விக்ஸ் தடவிவிடுவதுண்டு. அந்த நெடி அடங்குவதற்குள் தாய் புதிதாக வந்ததையும் தன் குட்டியாகவே ஏற்றுக்கொண்டிருக்கும். குளிர் முடிந்து தாய் வெளியே வந்துவிட்டால் இது கடினம். தன் குட்டி எது என்று மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

விடுவிக்கும் நாளுக்கு முன் பார்க்க வேண்டியவை பல. இரத்தப் பரிசோதனை, போதுமான எடை, அந்த ஆண்டு காட்டில் பழம் காய்த்திருக்கிறதா, அங்கே ஏற்கெனவே எத்தனை கரடிகள் இருக்கின்றன. பெரிய ஆண் கரடிகள் நெருக்கமாக இருக்கும் இடம் என்றால் குட்டியைக் கொன்றுவிடும். கரடிக்குத் திசை அறிவு அபாரம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தவை உண்டு. காலர் விஷயத்திலும் கவனம் வேண்டும். வளரும் குட்டியின் கழுத்தில் இறுக்கமான பட்டையை மாட்டினால், கழுத்து பருக்கும்போது சதைக்குள் பதிந்துவிடும். அதற்காகப் பட்டையின் நடுவில் சாதாரணத் துணியோ தோலோ வைத்துத் தைத்துவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது தானே இற்றுப்போய்க் காலர் கழன்று விழுந்துவிடும். விட்ட பிறகும் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால் வெடிச்சத்தம், ரப்பர் குண்டு, பயிற்சி பெற்ற நாய்கள் என்று பயமுறுத்தித் திருப்புவார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்குக் கரேலிய இன நாய்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பார்க்கக் கொடுமையாகத் தோன்றும். மனிதனுக்குப் பயப்படக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தக் கரடியின் உயிரைக் காக்கும்.

காடு பாதுகாப்பானதாக இருக்கிறதா என்பதும் கேள்விதான். வியட்நாமில் பித்தநீருக்காகப் பண்ணைகளில் அடைக்கப்பட்டிருந்த கருங்கரடிகளையும் சூரியக் கரடிகளையும் மீட்டு, அனிமல்ஸ் ஏஷியா அமைப்பு தாம் டாவ் மையத்தில் வைத்திருக்கிறது. கரடிப் பித்தத்தில் இருக்கும் மருந்துப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்க முடியும், தயாரிக்கவும் செய்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தக் கரடிகளின் பித்தப்பையில் மீண்டும் மீண்டும் துளை போட்டிருக்கிறார்கள். வரும் கரடிகள் பலவற்றுக்குச் சீழ்பிடித்த பித்தப்பையை அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கிறது. கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் நொறுங்கியிருக்கும். காட்டில் கண்ணியில் சிக்கியபோதே பாதத்தை இழந்தவையும் உண்டு. அதே கண்ணிகள் இன்னும் அந்தக் காடுகளில் இருக்கின்றன. எந்த நம்பிக்கையில் விடுவது?

அதனால்தான் பறிமுதல் செய்யப்பட்ட விலங்குகளுக்கு ஐ.யு.சி.என் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மூன்று வழிகளை வைத்திருக்கிறது: காட்டில் விடுவது, ஆயுள் முழுக்கப் பராமரிப்பது, இரண்டுமே முடியாவிட்டால் வலியில்லாமல் உயிரை விடுவிப்பது. இரண்டாவது வழிக்கு வருகிறவை சிறையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை, புகலிடம் ஒழுங்கானதாக இருந்தால். பல்கேரியாவின் பெலித்ஸாவில் 2000இல் தொடங்கிய பூங்காவுக்கு வந்த ஆட்டக் கரடிகள், அதுவரை ஒரு குளிர்காலம்கூட உறங்க விடப்படாதவை. வந்த சில ஆண்டுகளில் பல கரடிகள் தாமாகவே குழி தோண்டி உறங்கத் தொடங்கின. சில கரடிகள் மட்டும் ஏக்கர் கணக்கில் இடம் இருந்தும் பழைய கூண்டின் அளவுக்கே நடந்து, அதே இடத்தில் தலையை ஆட்டித் திரும்பும். அந்தப் பழக்கம் குறையுமே தவிர முழுதாகப் போவதில்லை.

உண்மையான புகலிடமா, மீட்பு என்ற பெயரில் நடக்கும் காட்சிக்கூடமா என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகள் போதும். அங்கே குட்டிகள் பிறக்கின்றனவா? பிறந்தால் அது மீட்பு மையம் இல்லை. இருக்கிற இடம் அடுத்து மீட்கப்படும் கரடிக்கு வேண்டும். பார்வையாளர் கரடியைத் தொடவோ, கூட நின்று படமெடுக்கவோ, தீனி போடவோ முடிகிறதா? முடிந்தால் பணம் கொடுக்காதீர்கள். கரடி விரும்பினால் மக்கள் கண்ணில் படாமல் ஒதுங்க இடம் இருக்கிறதா? தோண்ட மண்ணும், ஏற மரமும், குளிக்கத் தண்ணீரும் உண்டா?

கடைசியாக, காட்டோரம் தனியாக ஒரு கரடிக்குட்டியைக் கண்டால் தூக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் குனிந்து குட்டியை எடுக்கும் அந்த நேரத்தில் அது திரும்பி வந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து. அங்கிருந்து விலகி வந்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், ஆட்கள் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தூரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் கண்காணித்த பிறகுதான் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பாவம் பசிக்கிறதே என்று பசும்பால் கொடுத்துவிட வேண்டாம். கரடிப்பாலில் கொழுப்பு மிக அதிகம், சர்க்கரை மிகக் குறைவு. பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கிலேயே குட்டி போய்விடும். வீட்டில் இரண்டு வாரம் வைத்துக் கொஞ்சிவிட்டு ஒப்படைத்தாலும், அந்த இரண்டு வாரத்தில் அது மனிதனைப் பற்றிக் கற்றுக்கொண்டதை மறக்கவைக்க மையத்தில் பல மாதங்கள் பாடுபட வேண்டியிருக்கும். சில குட்டிகள் மறப்பதே இல்லை. அவைதான் பிறகு ஆயுள் முழுக்க வேலிக்குள் இருக்கின்றன.